மாவுக்கட்டுக்குள் கட்டைவிரல்

என் வலது கட்டைவிரலைக் கெடுத்தது ஒரு பந்து என்று சொன்னபோது எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை. அரிவாள் பட்டு விரல் இழந்தவர்களை அவர்களுக்குத் தெரியும். வண்டிச் சக்கரத்தில் கை நசுங்கியவர்களைத் தெரியும். காற்றடைத்த தோல் பந்து ஒன்று ஆள் கையை முடக்கிப்போடும் என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டுப் போனார்.

அது யுத்த காலம். ஆவடியில் வயலையும் புதரையும் ஒன்றாகச் சமன்செய்து ராணுவம் பெரிய பெரிய கிடங்குகள் கட்டியிருந்தது. எங்கள் ஊர் பாரிவாக்கத்திலிருந்து நாங்கள் கூட்டமாகக் கிளம்பி வரப்பிலும் வண்டிப் பாதையிலும் நடந்து அங்கே வேலைக்குப் போவோம். அதற்கு முன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே வேலைதான், அடுத்தவர் நிலத்தில் இறங்குவது. அப்பா அந்த வேலையிலேயே செத்தார். அம்மாவும் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. எனக்கென்று மிஞ்சியது அக்கா ஒருத்திதான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். நான் கிடங்கின் பெட்டிக் கொட்டகையில் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்தேன். அக்கா புதுக் கட்டடங்களுக்கு மண்ணும் ஜல்லியும் சுமக்கும் சித்தாளாக இருந்தாள். அவளுடைய மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது இன்னும் வரவில்லை.

கிடங்குக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சிப்பாய்கள் இரண்டு கம்பங்கள் நட்டுக் கூடைப்பந்து ஆடினார்கள். கம்பத்து வளையம் பீப்பாய்ப் பட்டையை வளைத்துக் கொல்லுப் பட்டறையில் செய்தது. ஆள் குறைந்தால், உயரமாக இருக்கிற வேலையாட்களைக் கைதட்டிக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நானும், எங்கள் தெருவைச் சேர்ந்த என் சிநேகிதனும் உள்ளே போனோம். செருப்பில்லாத காலோடு ஆடினோம். சில மாதங்களில் எங்கள் கொட்டகைக்கென்றே ஒரு அணி அமைந்தது. அதில் ஒரு குமாஸ்தாவும் இருந்தார். எங்கள் அப்பா வேலை செய்தது அவர்கள் குடும்பத்து நிலத்தில்தான். ஊரில் அவர் எதிரே வந்தால் நான் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்பேன். மைதானத்தில் அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "போடு, போடு, எனக்குப் போடு!" என்று கத்துவார். வேர்வையோடு அவர் தோள் என் தோளில் இடிக்கும். அந்த ஆட்டம் எனக்கு எதற்காகப் பிடித்தது என்று யாராவது கேட்டால் அந்த இடியைத்தான் சொல்வேன். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தீபாவளி கழிந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். அந்தக் காலத்துப் பந்துக்கு வாயில் தோல் வார் கோத்துக் கட்டியிருக்கும். நனைந்தால் கல்லாகக் கனக்கும். வளையத்தில் பட்டு எகிறிய பந்துக்கு நானும் சிநேகிதனும் ஒரே நேரத்தில் குதித்தோம். ஒரே அணிதான். ஆனாலும் இருவருக்கும் வெறி. என் கை முதலில் பட்டது. அவன் இரண்டு கையாலும் பந்தைக் கட்டிப் பிடித்துக் கீழே இழுத்தான். என் கட்டைவிரல் வாருக்கும் அவன் மணிக்கட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அது மற்ற விரல்களை விட்டு வெளிப்பக்கமாக, போகக்கூடாத தூரத்துக்குப் போனது. உள்ளே ஈரத்துணி கிழிகிறாற்போல ஏதோ கிழிந்தது. சத்தம் கேட்டதா, உணர்ந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

"இன்னா மச்சான், கைய இப்டி புட்சிகினு கீற?" என்றான்.

"ஒண்ணும் இல்லடா. சுருக்குனு இழுத்துச்சு."

"நான் இஸ்த்ததுலயா?"

"வுடுடா, ஆடு."

அன்று ஆட்டம் முடியும்வரை ஆடினேன். வலி பெரிதாக இல்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் கை கனக்கத் தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்து தட்டில் கை வைத்தபோது விரலின் அடிப்பகுதி எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

"இன்னாடா, எடது கையால துன்ற?" என்றாள் அக்கா. "எங்க, அந்தக் கைய காட்டு."

காட்டினேன். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"பந்து வெள்ளாடப் போனியா? சோறு போடற கைடா அது."

திட்டிக்கொண்டே மஞ்சளைக் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாதே என்று அவளும் சொல்லவில்லை, போகாமல் இருக்கலாம் என்று நானும் நினைக்கவில்லை.

கொட்டகையில் சுத்தியலை எடுத்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் புரிந்தது. நாலு விரலும் பிடியைச் சுற்றி வளைந்தன. அவற்றின்மேல் வந்து அழுத்த வேண்டிய கட்டைவிரல் வலுவில்லாமல் ஓரமாக நின்றது. ஓங்கி அடித்தேன். சுத்தியல் கையை விட்டுப் பறந்து எதிர்ப் பெட்டியின் பலகையைப் பிளந்துகொண்டு விழுந்தது. அங்கே குனிந்திருந்த ஆளின் தலை ஒரு முழம் தள்ளியிருந்ததால் தப்பித்தது. சிநேகிதன் ஓடிவந்து சுத்தியலை எடுத்துக்கொண்டான். "நீ பலகைய புட்ச்சிக்க மச்சான், ஆணிய நான் அடிக்கறேன்," என்றான். அன்று முதல் அவன் பெட்டியையும் என் பெட்டியையும் அவனே அடித்தான்.

கிடங்கு வைத்தியசாலையில் இருந்தவர் விரலை மடக்கச் சொன்னார். மடக்கினேன். நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"மடங்குது, நீளுது. ஒடஞ்சிருந்தா முடியுமா? சுளுக்குதான்."

டிங்சர் தடவி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. எலும்பு உடைந்தால்தான் காயம், இல்லாவிட்டால் சுளுக்கு. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

வீக்கம் குறையவில்லை. கார்த்திகையில் யாரோ சொல்லி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். சிநேகிதன் கூட வந்தான். அந்த மனிதர் என் கையைத் தன் முழங்கால்மேல் வைத்து, நல்லெண்ணெய் விட்டு நீவிக்கொண்டே ஊர்க்கதை பேசினார். பேச்சு நடுவில் கட்டைவிரலைப் பிடித்துச் சட்டென்று இழுத்தார். கண் இருட்டிவிட்டது. சாய்ந்த என்னைச் சிநேகிதன் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான்.

"வந்து ஒக்காந்துகிச்சு. இனிமே பயம் இல்ல," என்றார் அவர். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். வீட்டுக்கு வருவதற்குள் விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. அக்கா கட்டை அவிழ்த்து மறுபடி தளர்த்திக் கட்டினாள்.

அந்தக் கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விளக்குத் திரியைத் திருக முடியவில்லை. தண்ணீர் நிறைந்த சொம்பைத் தூக்கினால் அது பிடிக்குள் மெல்ல இறங்கும். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கீழே விழும். ஒருமுறை அப்படி விழுந்தது குழந்தையின் காலில். அவள் அழுது ஓய்ந்த பிறகு அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். புடவை முந்தானையின் நுனியை என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொடுத்து, "கெட்டியா புடி," என்றாள். பிடித்தேன். அவள் லேசாக இழுத்தாள். துணி நழுவி வந்துவிட்டது. இன்னொருமுறை கொடுத்தாள். மறுபடியும் வந்தது.

"இது சுளுக்கு இல்லடா," என்றாள். "நாளைக்கிப் பட்டணம் போலாம். பெரியாஸ்பத்திரிக்கு."

"உனக்கு வேல?"

"போனா போவுது."

ஆவடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினோம். அக்கா அதுவரை ரயிலேறியதில்லை. வழி முழுக்கச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள். ஆஸ்பத்திரியில் நாங்கள் உட்கார்ந்த வராந்தாவில் கால் போனவர்கள், தலையில் கட்டுப் போட்டவர்கள், முனகிக்கொண்டு தரையில் படுத்தவர்கள். அவர்களுக்கு நடுவில் பார்வைக்கு ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரிய டாக்டர் தலை நரைத்தவர், களைத்த முகம். எப்படிப் பட்டது என்று கேட்டார்.

"பந்து சார்."

"கிரிக்கெட்டா?"

"இல்ல சார். பேஸ்கட் பால்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பித்தளை ஊக்கு குத்திய என் சட்டையையும், பக்கத்தில் நின்ற அக்காவின் மண் படிந்த காலையும் பார்த்தார். "நீ அந்த ஆட்டம் ஆடுவியா?" என்றார். அதில் கேலி இல்லை.

"இனிமே ஆட மாட்டான் ஐயா," என்றாள் அக்கா.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையின் எலும்புகளை நானும் முதல்முறையாகப் பார்த்தேன். "எலும்புல ஒண்ணும் இல்ல," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. படத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் என் இடது கையை எடுத்தார். கட்டைவிரலின் அடி மூட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளினார். கொஞ்சம் அசைந்து கெட்டியாக நின்றது. அடுத்து வலது கை. அதே இடத்தில், அதே மாதிரி தள்ளினார். விரல் தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரித் திறந்துகொண்டே போனது. அக்கா, "ஐயோ," என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியா? எலும்ப எலும்போட சேத்துக் கட்டியிருக்கற நார் இங்க ஒண்ணு இருக்கு. அது அறுந்துபோச்சு. எக்ஸ்ரேல அது தெரியாது. எப்ப பட்டதுன்னு சொன்னே?"

"ஐப்பசில சார்."

"இப்ப மார்கழி. நடுவுல யாராவது இழுத்தாங்களா?"

நான் தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை.

"பட்ட உடனே வந்திருந்தா நல்லா சேர்ந்திருக்கும். இப்ப எவ்வளவு சேரும்னு சொல்ல முடியாது. கட்டுப் போட்டுப் பார்க்கலாம். தை மாசம் முடியறவரைக்கும் கை அசையக் கூடாது, நனையக் கூடாது. அதுக்கும் சேரலேன்னா கத்திதான் வைக்கணும். அதுலயும் நிச்சயம் கிடையாது."

"வேல செய்யலாமா சார்?"

"எந்தக் கையால?" என்றார்.

மாவுக்கட்டுப் போடும்போது முதலில் குளிர்ந்தது, பிறகு சுட்டது, மறுபடி குளிர்ந்து இறுகியது. முழங்கைக்குக் கீழிருந்து கட்டைவிரல் நுனிவரை வெள்ளையாக ஒரு கூடு. மற்ற நாலு விரலும் வெளியே. கண்ணுக்குத் தெரியாத டம்ளர் ஒன்றைப் பிடித்திருப்பதுபோல் கட்டைவிரலை வளைத்து வைத்திருந்தார்கள்.

கிடங்கில் என் பெயரை அடித்துவிட்டார்கள். "கை நல்லானதும் வா, பாக்கலாம்," என்றார் மேஸ்திரி. என் இடத்துக்கு ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது அந்தக் குமாஸ்தா சைக்கிளில் வந்தார். கட்டைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, "இன்னா, இன்னும் சரியாவலியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தாண்டிப் போய்விட்டார். நான் பாதையை விட்டு இறங்கித்தான் நின்றிருந்தேன்.

வீட்டில் நான் இடது கையால் சாப்பிடுவதை அக்கா பொறுக்கமாட்டாள். கூழோ சோறோ, குழந்தைக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று மாற்றி மாற்றி ஊட்டுவாள். குழந்தைக்கு அது பெரிய விளையாட்டு. "மாமாக்கு பல்லு கீது, கை இல்ல," என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்ததென்றால் அது ஒன்றுதான். என் சம்பளம் நின்றதால் அக்கா கிடங்கு வேலை இல்லாத நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் அறுப்புக்குப் போக ஆரம்பித்தாள். பொங்கல் முடிந்து அறுப்பு மும்முரமாக இருந்த சமயம். ஒருநாள் அறுப்பிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்தவள், கூலி நெல் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் சுவரோரம் படுத்துவிட்டாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

முதலில் சாதாரண ஜுரம் என்று நினைத்தோம். அது இறங்கவே இல்லை. நெற்றியில் ஈரத்துணி போடவேண்டும். ஒரு கையால் துணியைப் பிழிய முடியாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு நுனியை நான் இடது கையால் பிடித்துக்கொள்வேன். மறு நுனியைக் குழந்தை தன் இரண்டு கையாலும் முறுக்குவாள். அவளுக்குப் பலம் பற்றாது. தண்ணீர் முழுக்கப் போகாது. சொட்டச் சொட்ட அதைக் கொண்டுபோய் அவள் அம்மாவின் நெற்றியில் போடுவோம். தலையணைத் துணியெல்லாம் நனையும்.

சிநேகிதன் ஒரு மாட்டு வண்டி பிடித்து வந்தான். அக்காவை அதில் போட்டுப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். விஷக்காய்ச்சல் என்றார். கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்த ஜுரத்துக்கு மருந்து கிடையாது. தானாக இறங்கினால் பிழைப்பார்கள். டாக்டர் அதையும் மறைக்காமல் சொன்னார்.

ஜுரத்தில் அக்கா என்னென்னவோ பேசினாள். செங்கல் கணக்கு கேட்டாள், செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டாள். ஒரு மத்தியானம் மட்டும் தெளிவாகக் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"எப்படா பிரிப்பாங்கோ?"

"தை முடியட்டும்னு சொன்னாருக்கா."

"அதுக்குள்ள நனச்சிகினு நிக்காத."

அவள் என்னிடம் அறிவோடு பேசிய கடைசிப் பேச்சு அது. அதன் பிறகு இரண்டொரு நாள் மூச்சு மட்டும் இருந்தது. பக்கத்துக் களத்தில் கதிர் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பகல் வேளையில் அதுவும் நின்றது. குழந்தை கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் உடனே எழுந்து போய் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அவள் விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்பிள்ளை இல்லாதவள், புருஷன் இல்லாதவள். எல்லாவற்றையும் கூடப்பிறந்தவன் நான்தான் செய்யவேண்டும். இடுகாட்டில் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. நான் இடது கையை அரிசித் தட்டுக்கு நீட்டினேன். பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"எடது கையால ஆவாதுபா. சோத்துக் கையாலதான் போடணும்."

வலது கையில் வெளியே இருந்த நாலு விரலையும் குவித்து அரிசியில் விட்டேன். அள்ளினேன். தூக்குவதற்குள் அரிசி கொட்டிவிட்டது. கட்டைவிரல் இருக்கவேண்டிய பக்கம் சுண்ணாம்புச் சுவர் மாதிரிக் கட்டு நின்றது. மறுபடி அள்ளினேன். மறுபடியும் சிந்தியது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. மாதம் முழுக்க எனக்கு ஊட்டியவள். அவளுக்கு ஒரு வாய் அரிசி என்னால் கொண்டுபோக முடியவில்லை.

சிநேகிதன் பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் குந்தினான். ஒன்றும் கேட்காமல், தன் கட்டைவிரலை என் விரல்களோடு சேர்த்து வைத்து அழுத்தினான். "எடு மச்சான்," என்றான். என் நாலு விரலும் அவன் ஒரு விரலுமாக அரிசியை எடுத்தோம். அவள் வாய்வரை கொண்டுபோனோம். மண் தள்ளும்போதும் அவன் அப்படியே செய்தான். தடுத்த பெரியவர் தள்ளி நின்று இடம் விட்டார்.

எல்லாம் முடிந்து குளத்தில் இறங்கி எல்லோரும் முழுகினார்கள். நான் வலது கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு முழுகினேன். தலை உள்ளே போய் வெளியே வந்தபோதும் கை நனையாமல்தான் இருந்தது. கரையில் ஏறி அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாசி பிறந்து பட்டணம் போனேன். கட்டை வெட்டிப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கையாகத் தெரியவில்லை. சூம்பி, செதில் உரிந்து, நாற்றமடித்துக்கொண்டு கிடந்தது. கட்டைவிரல் குச்சி மாதிரி விறைத்திருந்தது. டாக்டர் மூட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். முன்னே போன அளவுக்குப் போகவில்லை. ஆனால் இடது கையைப்போல் கெட்டியாகவும் நிற்கவில்லை.

"கொஞ்சம் பிடிச்சிருக்கு. நான் எதிர்பாத்ததுக்கு இது அதிகம்," என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அன்னிக்கு வந்தாங்களே, அந்தம்மா வரலியா?" என்றார்.

"தவறிட்டாங்க சார். ஜுரம்."

அவர் என் கையை விடாமல் சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு வெந்நீரில் கையை வைப்பது, ஈரத்துணியைப் பிழிவது, தட்டில் கொட்டிய பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது என்று செய்யவேண்டியதைப் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே செய்து காட்டினார். "வலிக்கும். வலிச்சா நிறுத்தாதே. வீங்கினா நிறுத்து," என்றார்.

செய்தேன். ஆனால் எவ்வளவு முயன்றாலும் பயறு பொறுக்குவதில் மனம் போகவில்லை. நாலு பயறு எடுப்பேன், பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அக்கா படுத்த நாளிலிருந்து குழந்தையின் தலையை யாரும் வாரவில்லை. சிக்குப் பிடித்து, பேன் விழுந்து, அவள் தூக்கத்தில்கூடச் சொறிந்துகொண்டிருந்தாள். மொட்டை அடித்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நாவிதரைக் கூப்பிட ஆள் போனது தெரிந்ததும் அவள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா வந்தா திட்டும்," என்றாள்.

அம்மா எங்கே போனாள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். அவளும் தலையாட்டியிருந்தாள். நான் நாவிதரைத் திருப்பி அனுப்பிவிட்டு எண்ணெயும் சீப்பும் எடுத்து உட்கார்ந்தேன். சிக்கு எடுக்கவே சில நாட்கள் ஆயின. அதற்குப் பிறகு பின்னல். மூன்று கால் எடுத்துப் பின்னுவதற்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டும். ஒரு காலை மற்றதன்மேல் போடும்போது அது நழுவாமல் அமுக்கிப் பிடிப்பது அந்த விரல்தான். என் வலது விரலுக்கு அந்த வேலை தெரியவில்லை. முடி வழுக்கி வழுக்கிப் போகும். மூட்டின் உள்பக்கம் ஊசி குத்துகிறாற்போல வலிக்கும். பின்னி முடித்து அனுப்பினால் தெருக்கோடி போவதற்குள் அவிழ்ந்துவிடும். திரும்பி வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். மறுபடி பின்னுவேன். சில பெண்கள் நாங்கள் வாரிவிடுகிறோமே என்றார்கள். வேண்டாம் என்றேன். எனக்குக் காலையில் எழுந்து செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

சித்திரையில் மறுபடி கிடங்குக்குப் போனேன். மேஸ்திரி சுத்தியலைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். சில ஆணிகள் அடித்தேன். அதற்குமேல் பிடி தளர்வதை அவரும் பார்த்தார், நானும் மறைக்கவில்லை. துரத்திவிடாமல், பெட்டிகளின்மேல் மையால் அடையாளம் எழுதுகிற வேலையில் போட்டார். பிரஷ்ஷைப் பிடிக்க அவ்வளவு பலம் வேண்டியதில்லை. ஒருநாள் சாயங்காலம் சிநேகிதன் என்னை வற்புறுத்தி மைதானத்துக்கு அழைத்துப் போனான். உள்ளே நின்றேன். யாரோ எனக்குப் பந்தைப் போட்டார்கள். அது நேராக நெஞ்சுக்கு வந்தது. பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் என் கை என்னைக் கேட்காமல் பின்னால் போய் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பந்து மார்பில் அடித்து உருண்டது.

"கைய குடுடா, கைய!" என்று குமாஸ்தா கத்தினார்.

அடுத்த பந்துக்கும் அப்படித்தான் ஆனது. நான் ஓரமாக வந்து உட்கார்ந்தேன். ஆட்டம் என் இடத்தில் வேறு ஆளோடு தொடர்ந்தது. அதற்குப் பிறகு நான் அந்தக் கோட்டுக்குள் போகவில்லை. சிநேகிதனும் கூப்பிடவில்லை. அவன் கொஞ்ச காலத்தில் ராணுவ லாரி ஒன்றில் வேலை கிடைத்து வடக்கே போனான். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது அவன் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் என் கையை வாங்கி விரலை ஆட்டிப் பார்த்தான்.

அந்த விரல் முழுக்கச் சரியாகவில்லை. கையெழுத்துப் போடுவேன், பொத்தான் போடுவேன், சோறு பிசைந்து சாப்பிடுவேன். இறுகிய மூடியைத் திறக்க முடியாது. கிணற்றில் கயிறு இழுத்தால் சாயங்காலம் வீங்கிக்கொள்ளும். டாக்டர் சொன்ன கத்தியை நான் வைத்துக்கொள்ளவே இல்லை. திரும்பவும் கையைக் கட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குழந்தைக்கு யார் சமைப்பார்கள்?

நான் கிடங்குக்குத் திரும்பிய அந்த வருஷம், ஆடி மாதத்தில் ஒரு காலை. வழக்கம்போல் பின்னிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "அம்மா இன்னும் இறுக்கிப் பின்னும்," என்றாள்.

"நோவுமா?"

"நோவும்."

"நானும் இறுக்கட்டா?"

அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். "உனுக்கு நோவுமே மாமா."

"நீ திரும்பி ஒக்காரு," என்றேன்.

மூன்று காலையும் பிரித்து மறுபடி எடுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் கட்டைவிரலை வைத்து அழுத்தி இழுத்தேன். மணிக்கட்டுவரை வலி ஏறியது. அவளும், "ஸ்... ஸ்..." என்றாள், ஆனால் தலையை நகர்த்தவில்லை. முடிச்சுப் போட்டு விட்டதும் எழுந்து ஓடினாள். அன்று சாயங்காலம் நான் கிடங்கிலிருந்து வந்து பார்த்தபோது பின்னல் அவிழாமல் இருந்தது.